தறிக்கூடத்தில் மாஜிக் லாந்தர்

எங்கள் கரிசல் காட்டில் பருத்தி ஒழுங்காக வெடித்திருந்தால் என்னைப் பதினைந்து வயதிலேயே கட்டிக்கொடுத்திருப்பார்கள். மழை பொய்த்துக்கொண்டே இருந்தது. கல்யாணம் செய்ய வழியில்லை, வளர்ந்த பெண்ணை வீட்டில் சும்மா வைத்திருக்கவும் மனசில்லை. சர்க்கார் செலவில் படிக்கட்டுமே என்று ட்ரெயினிங் ஸ்கூலுக்கு அனுப்பிவைத்தார்கள். நான் வாத்தியாரம்மா ஆனது இப்படித்தான். பெண் கல்வியின் அருமை தெரிந்துதான் என்னைப் படிக்கவைத்ததாகப் பிற்காலத்தில் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

திருச்சுழிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரை விட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து, நெசவாளர் தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிய காலம். மேட்டைக் கண்டால் பஸ் நின்றுவிடும். நாங்கள் இறங்கி முன்னால் நடப்போம், அது பின்னால் இருமிக்கொண்டு வரும். வாரா வாரம் அந்த அவஸ்தை வேண்டாமென்று டவுனில் ஒரு தூரத்து அத்தை வீட்டில் தங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் என்பது நீளமான ஒரு கூரைக் கொட்டகை. நாலு வகுப்பு, இரண்டு வாத்தியார். ஒருத்தி நான், மற்றவர் தலைமை ஆசிரியர். தெருவில் பெரிய வாத்தியார் என்பார்கள். நல்ல மனுஷர். கூரையிலிருந்து பாம்பு விழுந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போடுவார். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க டிப்டி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் கை கால் ஆட ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் நெசவு வீட்டுப் பெண்கள். வீட்டில் கன்னடம், தெருவைத் தாண்டினால் தமிழ். நான் அவர்களுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்த வேகத்தைவிட அவர்கள் எனக்குக் கன்னட வசவுகளைக் கற்றுக்கொடுத்த வேகம் அதிகம்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் நாலாம் வகுப்பைப் பற்றித்தான். எங்கள் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. ஒரு பெண் மூன்று வருஷம் நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். நாலாவது வருஷம் மெதுவாக, 'அது ஏன் டீச்சர் அப்படி?' என்று கேட்கத் தொடங்குவாள். அதோடு வருஷம் முடிந்துவிடும். மறுநாள் பார்த்தால் வீட்டில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, தறிக்குத் தார், அதாவது ஊடைநூல் குழல், சுற்றிக்கொண்டிருப்பாள். ஐந்தாம் வகுப்புக்குப் பையன்கள் பள்ளிக்கூடம்தான் போகவேண்டும். பெண்ணை அங்கே அனுப்ப அந்தத் தெருவில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. எங்கள் கொட்டகையிலேயே ஓர் ஐந்தாம் வகுப்பு இருந்தால் என்ன என்று நான் பெரிய வாத்தியாரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவர், டிப்டி மனசு வைக்கவேண்டும் என்று மேலே கையைக் காட்டுவார்.

இனி லாந்தருக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் வாத்தியார்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் சங்கக் கூட்டம் உண்டு. பாலவனத்தம், எம்.ரெட்டியபட்டி, பந்தல்குடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடவேண்டும். முதலில் கடவுள் வாழ்த்து. பிறகு ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்தபின் விமரிசனம், அப்புறம் சுண்டல். சுண்டலுக்குப் பிறகு கல்வியைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் தொழிலில் தேர்ச்சி பெறுவதற்காகச் சர்க்கார் செய்திருந்த ஏற்பாடு இது.

மாதிரிப் பாடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. நடத்தப்போகிறவர் பத்து நாள் முன்னாலேயே பிள்ளைகளுக்குக் கேள்வியையும் பதிலையும் உருப்போட்டுக் கொடுத்துவிடுவார். எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, யார் தப்பாகச் சொல்வது, யார் அதைத் திருத்துவது எல்லாம் பேசிவைத்ததுதான். சுவரோரம் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அவரவர் முறை வரும்போது அவரவரும் அதையே செய்ததால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விடுகதை போடுவதற்குள் பிள்ளைகள் விடையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்கும் விமரிசனத்தில் பாராட்டுத்தான்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் ஒருநாள் மாஜிக் லாந்தர் வந்து சேர்ந்தது. தகரப் பெட்டி, உள்ளே சீமையெண்ணெய் விளக்கு, முன்னால் குழாய், குழாயில் லென்ஸ். கண்ணாடிப் படத்தை நடுவில் சொருகி விளக்கை ஏற்றினால் எதிர்த் துணியில் படம் பெரிதாக விழும். இதை எங்களுக்குக் கற்றுக்கொடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். லாந்தரை மேஜைமேல் துண்டு போட்டு மூடிவைத்துவிட்டு, கரும்பலகையில் அதன் படத்தை வரைந்தார். நாங்களும் வரைந்தோம். பாகங்களின் பெயரைச் சொன்னார். நாங்களும் எழுதினோம். சீமையெண்ணெய் ரேஷனில் இருந்ததால் ஏற்றிக்காட்ட வசதிப்படவில்லை என்றார். கடைசியாக, லென்ஸோ கண்ணாடியோ உடைந்தால் உடைத்தவரின் சர்வீஸ் புத்தகத்தில் அது ஏறும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாலை பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த ஒரு வார்த்தையோடு லாந்தரின் கதை முடிந்தது. யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது அதைத் தொட? ஆனால் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தாகிவிட்டது என்று மேலே எழுதிவிட்டார்கள். ஆகவே எல்லாரும் பாடக் குறிப்பில், உபகரணம் என்ற இடத்தில், மாஜிக் லாந்தர் என்று எழுதத் தொடங்கினார்கள். கூட்டல் கணக்குக்கு மாஜிக் லாந்தர். ஆத்திசூடிக்கு மாஜிக் லாந்தர். லாந்தரோ டிப்டி ஆபீஸ் பீரோவுக்குள் துண்டைக்கூட விலக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

டிப்டிக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டல்லவா? எத்தனை வாத்தியார்கள் லாந்தரை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள், நேரில் வந்து பார்க்கிறேன் என்று அவர் எழுதிவிட்டார். டிப்டி பாவம், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். இங்கே ஏன் வந்தார் என்றால், அந்த வட்டாரத்திலேயே பாடக் குறிப்பில் லாந்தர் என்று எழுதாத ஒரே ஆள் நான்; மற்றவர்கள் எழுதியது எதுவும் நிஜமில்லை என்பது அவருக்கும் தெரியும். பொய் எழுதப் பிடிக்காமல் எழுதாதிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்; என்னிடம் இருந்த புளியங்கொட்டை, சோளத்தட்டையையெல்லாம் எழுதவே அந்த இடம் போதவில்லை என்பதுதான் நிஜம்.

"ஏம்மா, நீ மட்டும் ஏன் லாந்தர் எழுதல?" என்றார்.

"எனக்கு அதை ஏத்தவே தெரியாது சார். குடுத்தீங்கன்னா கத்துக்கிடுவேன்."

பெரிய வாத்தியார் எனக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று ஐந்தாம் வகுப்பு விஷயத்தையும் அப்போதே போட்டு உடைத்தேன். நாலாம் வகுப்பில் அந்த வருஷம் ஒன்பது பெண்கள். ஒன்பதும் கெட்டிக்காரப் பிள்ளைகள். தெருவிலேயே வகுப்பு இருந்தால் வீட்டில் அனுப்பச் சம்மதிப்பார்கள், பேசிப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"சரி, ஒண்ணு செய்வோம்" என்றார் டிப்டி. "அடுத்த மாசக் கூட்டத்தை இங்க வைக்கிறேன். லாந்தரை வச்சு நீ மாதிரிப் பாடம் நடத்து. மேலதிகாரி வாரதுக்குள்ள எல்லா வாத்தியாரும் பாத்துக் கத்துக்கிடட்டும். பாடம் எனக்குத் திருப்தியா இருந்தா அஞ்சாம் வகுப்புக்கு நான் சிபாரிசு எழுதறேன்."

மறுநாளே லாந்தர் வந்தது. படங்கள் வரவில்லை. கண்ணாடிப் படப் பெட்டிகளைக் கூட்டத்தன்றுதான் ஆபீஸ் குமாஸ்தா கையோடு கொண்டுவருவாராம். பரவாயில்லை என்று உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுரண்டி, புகை பிடித்து, ஊசியால் ஒரு கோழியைக் கீறி, அதைப் படமாக வைத்துக்கொண்டேன். முதல் நாள் திரியை அதிகம் தூண்டி என் முன்மயிர் பொசுங்கியது. இரண்டாம் நாள் கோழி கால்களை மேலே தூக்கிக்கொண்டு விழுந்தது. படத்தைத் தலைகீழாகச் சொருகினால்தான் துணியில் நேராக விழும் என்பதை மதுரைக்காரர் சொல்லியிருந்தார், நான் எழுதியும் வைத்திருந்தேன். கோழி கவிழ்ந்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. பெரிய வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே, "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த தொல்லை இருட்டு. எங்கள் கூரையில் இருந்த ஓட்டைகளால் உள்ளே வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அப்போது நூல் சர்க்கார் கண்ட்ரோலில் இருந்தது. நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறிகள் நின்றிருந்தன. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு பெரிய தறிக்கூடம் சும்மா கிடந்தது. மண் சுவர், ஒரே வாசல், கதவைச் சாத்தினால் பகலிலும் மையிருட்டு. அந்த வீட்டுக்காரம்மாளின் மகளும் அந்த ஒன்பதில் ஒருத்தி. போய்க் கேட்டேன். அந்த அம்மாள் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவார்.

"நூலு வார வரைக்கும் தறி சும்மாத்தான் கெடக்கு, நடத்திக்கிடுங்க. ஆனா எங்க வீட்டுக்குள்ள நடக்குறத நாங்க பாக்காம இருக்கமாட்டோம்."

பார்க்க வரலாம், பேசக்கூடாது என்றேன். எந்த வாத்தியார் கூட்டத்துக்கும் தாய்மார் வந்தது கிடையாது. வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சீமையெண்ணெயும் அந்த அம்மாள்தான் சேர்த்துக்கொடுத்தார். வீட்டுக்குக் கொஞ்சமாக ரேஷன் எண்ணெயை அளந்து வாங்கினார். தெருவில் சில வீடுகளில் அந்த வாரம் விளக்கு சீக்கிரமே அணைந்தது. அதையெல்லாம் பார்த்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. பாடம் சொதப்பினால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

பெரிய வாத்தியாருக்கு என்னைவிடப் பயம் அதிகம். ஒத்திகை வேண்டாம், பிள்ளைகள் படத்தைப் பார்த்துத் தாங்களே சொல்லட்டும் என்று நான் தீர்மானமாகச் சொல்லியிருந்தேன். சரி சரி என்று தலையாட்டினார். எனக்குத் தெரியாமல் ஆபீஸ் குமாஸ்தாவிடம் போய், என்ன படங்கள், எந்த வரிசை என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். காட்டு மிருகங்கள்: முதலில் புலி, அப்புறம் யானை, அப்புறம் ஒட்டகச்சிவிங்கி. நான் லாந்தரைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒன்பது பேருக்கும் கேள்வி பதிலை நெட்டுருப் போட்டுக் கொடுத்தார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கூட்டத்தன்று தறிக்கூடம் நிரம்பி வழிந்தது. அந்தப் பக்கத் தறியெல்லாம் குழித்தறி. தரையில் குழி, நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுக்கொள்வார். உட்கார அதைவிடச் சௌகரியமான இடம் அங்கே இல்லை என்பதால் டிப்டியை முதல் தறிக்குழியில் உட்காரவைத்தோம். கால்களை உள்ளே தொங்கவிட்டு, வயிற்றுக்கு எதிரே தறிக்கட்டை இருக்க, பாதி முழுங்கப்பட்டவர் போல இருந்தார். வாத்தியார்கள் சுவரோரம். பிள்ளைகள் நடுவில். வாசலில் தாய்மார் கூட்டம். எதிரே புது வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

குமாஸ்தா படப் பெட்டியை நீட்டினார். மேலே 'காட்டு மிருகங்கள்' என்று ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தி, விளக்கைத் தூண்டி, முதல் படத்தைச் சொருகினேன். வேட்டியில் பெரிய கடைவாய்ப்பல் ஒன்று விழுந்தது, இரண்டு வேர்களோடு.

குமாஸ்தா பெட்டியை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே இருந்தது பல் சுகாதாரம். சரி, பல் என்றால் பல், பாடம் நடத்தவேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்டேன்.

"புலி" என்றார்கள் ஒன்பது பேரும் ஒரே குரலில்.

படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பெரிய வாத்தியார் பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து, "எங்கே வசிக்கும்?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"அடர்ந்த காட்டில்."

"என்ன தின்னும்?"

"மான், காட்டுப்பன்றி."

சுவரோரம் பென்சில்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. விமரிசன நேரத்துக்கு முன்னால் எதுவும் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது முறை. இருட்டில் பாதிப் பேர் திரையைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்; மாதிரிப் பாடத்தில் பார்க்க என்ன இருக்கிறது? குழிக்குள்ளிருந்து டிப்டி, "ம், நடக்கட்டும்" என்றார். அடுத்ததைச் சொருகினேன். ஈறோடு சேர்ந்த பல்வரிசை. யானை என்றார்கள். தும்பிக்கையால் மரத்தைப் பிடுங்கும் என்றார்கள். அதற்கடுத்தது பல் துலக்கும் பிரஷ். ஒட்டகச்சிவிங்கி என்றபோது ஒரு வாத்தியார் ஆமோதித்துத் தலையசைத்தார். நீளக் கழுத்தும் பிடரியுமாக அது கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

இப்படியே விட்டால் பாடம் அமோகமாக முடியும். டிப்டிக்குத் திருப்தி, சிபாரிசு நிச்சயம், ஐந்தாம் வகுப்பு கையில். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் விளக்கொளி பட்டபோது பார்த்தேன்; கண்கள் திரையில் இருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கியிருந்த என் பிள்ளைகளைப் பெரிய வாத்தியார் இப்படி ஆக்கிவிட்டாரே என்று கோபம் உச்சிக்கு ஏறியது.

"எல்லாரும் வாயை மூடுங்க" என்றேன். "பெரிய வாத்தியார் சொல்லிக்குடுத்ததை மறந்துருங்க. துணியில என்ன இருக்குன்னு கண்ணால பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

சுவரோரம் பென்சில்கள் நின்றன. பெரிய வாத்தியார் ஏதோ முனகினார். பிறகு, எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண் எழுந்து, "ஒட்டகச்சிவிங்கிக்குக் காலக் காணோம் டீச்சர்" என்றாள்.

"காலைக் காணோம்னா?"

"அப்ப இது ஒட்டகச்சிவிங்கி இல்ல."

மறுபடியும் முதல் படத்தைச் சொருகினேன். பல்லு, பல்லு என்று இரண்டு மூன்று பேர். அடுத்துச் சொத்தைப் பல், நடுவில் கறுப்பாகக் குழி. தறிக்கூடத்துக்காரம்மாளின் மகள் திரும்பி வாசலைப் பார்த்தாள். எங்க அம்மாவுக்கும் இதே பல்லு இப்படித்தான் இருக்கு, வெத்தலையும் புகையிலையும் போட்டுப் போட்டு என்று கன்னடத்தில் உரக்கச் சொன்னாள். அம்மாள் கன்னடத்திலேயே பதில் கொடுத்தார். மகள் விடவில்லை. இன்னொரு பெண் தன் தாயைச் சொன்னாள். தாய்மார் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி வேட்டியில் விழுந்த குழியை விரலால் தொட்டு, "இங்கதான் டீச்சர் எனக்கும் குடையுது, புடுங்கித்தான் ஆகணுமா?" என்று தமிழில் கேட்டாள். பிள்ளைகள் தாய்மாரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கன்னடம் தெரியாத வாத்தியார்கள் ஏதோ அடிதடி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். டிப்டி எழ முயன்றார். முன்னால் தறிக்கட்டை, சுற்றிலும் பெண்கள்; பாடம் முடியும்வரை அவரால் குழியை விட்டு வெளியே வர முடியவில்லை.

நான் கடைசிப் படம்வரை நடத்தினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை.

பிறகு விமரிசனம். ஆசிரியையின் குரல் கணீரென்று இருந்தது என்று ஒருவர் ஆரம்பித்தார். கரும்பலகை பயன்படுத்தப்படவில்லை என்றார் மற்றொருவர். மையிருட்டில் எதை எழுதுவது என்று நான் கேட்கவில்லை. பாடத்தின் நடுவே வெளியார் பேசினர். முதல் பகுதியில் மாணவிகள் தெளிவாக விடையளித்துக்கொண்டிருந்தனர், ஆசிரியை தேவையின்றிக் குறுக்கிட்டுக் குழப்பிவிட்டார் என்றார் எம்.ரெட்டியபட்டிக்காரர். பல்லைப் புலி என்று சொன்னதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிப்டி தன் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஒழுங்கு போதாது. அஞ்சாம் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டார். அவர்கள் முன்னால் அழுதுவிடக்கூடாது என்று லாந்தரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

எல்லாரும் சுண்டலுக்குப் போனபின் பந்தல்குடி வாத்தியார் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். "ஏலே, சுண்டலு தீரப்போவுது, வால" என்று வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். இவர் போகவில்லை.

"ஒரு படத்தை நான் சொருகிப் பாக்கட்டுமா டீச்சர்? ஒரு வருசமாக் குறிப்புல எழுதிட்டு வாரேன், இன்னும் தொட்டதில்ல."

கொடுத்தேன். பிரஷ் தலைகீழாக விழுந்தது. அவர் சிரித்துவிட்டு, எடுத்துத் திருப்பிச் சொருகினார். அடுத்த மாதம் லாந்தரைப் பந்தல்குடிக்கு வாங்கிக்கொண்டு போய், நிஜமாகவே ஏற்றினார். அந்தப் பயிற்சியில் தேறியவர் அவர் ஒருவர்தான். நேரில் வந்து பார்ப்பதாக எழுதிய மேலதிகாரி கடைசிவரை வரவே இல்லை.

சித்திரை வெயிலில் வருஷப் பரீட்சை முடிந்தது. அதே சமயம் தெருவுக்கு நூல் வரத்தொடங்கியது. தறிகள் எல்லாம் மறுபடி சத்தம் போட்டன. ஒன்பது பேரையும் ராட்டை விழுங்கப்போகிறது என்று நான் நம்பிக்கையை விட்டிருந்த ஒரு காலையில், தறிக்கூடத்துக்காரம்மாள் இன்னும் ஏழு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்.

"எங்க பிள்ளைகளைப் பெயிலாக்கிருங்க டீச்சர்" என்றார்.

பெரிய வாத்தியார் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"அஞ்சாப்புத்தான் இல்லைன்னுட்டாக. நாலாப்பு இருக்குல்ல? பெயிலுன்னு எழுதுங்க, நாலாப்புலயே உக்காரட்டும். நீங்க உள்ள வச்சு அஞ்சாப்புப் பாடம் சொல்லிக்குடுங்க, யாரு வந்து பாக்கப்போறாக? நாலு வருசமா என்னமோ பாட்டுப் படிக்கான்னு இருந்தேன். அன்னைக்கு அவ என் வாயைப் பாத்துச் சொன்னா பாருங்க, வைத்தியரும் அதையேதான் சொன்னாரு. தாரு நான் சுத்திக்கிடுதேன்."

"முழு மார்க்கு வாங்கின பிள்ளைகளை என்னன்னு சொல்லிப் பெயிலாக்குறது?" என்றார் பெரிய வாத்தியார்.

"பல்லைப் புலின்னு சொன்னாகன்னு எழுதுங்க" என்றேன். "வட்டாரத்து வாத்தியார் பூராவும் சாட்சி இருக்காக."

அவர் என்னை முறைத்தார். எட்டுத் தாய்மாரும் அவரை முறைத்தார்கள். பேனாவை எடுத்தார்.

ஒன்பதாவது பெண்ணின் தாய் வரவில்லை. பிரசவமாகிப் படுத்திருந்தாள். தகப்பனார்தான் மறுநாள் வந்தார். வீட்டில் தார் சுற்ற ஆளில்லை, இனிமேல் மகளை அனுப்ப முடியாது, பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். அன்றைக்கு முதலில் கண்ணைத் திறந்து பார்த்து, ஒட்டகச்சிவிங்கிக்குக் காலைக் காணோம் என்று சொன்ன பெண்ணின் தகப்பனார் அவர். மாலையில் அவர் வீட்டுக்கே போய் மன்றாடினேன், கோபித்தேன், ஒரு வருஷம்தானே என்றேன்.

"பெயிலுன்னா தெரு சிரிக்கும் டீச்சர்" என்றார். "என் மக முதல் மார்க்கு. அவளுக்குப் போயிப் பெயிலு போடலாமா?"

தகப்பனே வந்து கேட்டபிறகு நம்மால் என்ன செய்யமுடியும் என்றார் பெரிய வாத்தியார். அதற்குமேல் அவரோடு சண்டை போட்டும் பலனில்லை.

முடிவு சொல்லும் நாளில் பெரிய வாத்தியார் ஒவ்வொரு பெயராகப் படித்தார். பெயில். பெயில். ஒவ்வொரு பெயிலுக்கும் பிள்ளைகள் ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எட்டும் முடிந்து ஒன்பதாவதாக, பாஸ் என்றார். சிரிப்பு நின்றது. மற்றவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவள் மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் பெயிலு போட்டீங்க" என்றாள். "நான் என்ன தப்புப் பண்ணுனேன் டீச்சர்?"